கோணல் சிப்பி

“களவெடுத்தவ பேரையே எழுதி வெச்சிட்டுப் போயிருக்கா மிஸ். இதுக்கு மேல நீங்க என்னத்தத் துப்பறியப் போறீங்க?”

மெனேஜர் நிஷாந்த் அந்த ஆளுயரக் கண்ணாடியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடித்துக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தை அதன் முதுகில் அடித்தான். யசோதினி குனிந்து பார்த்தாள். தங்கப் பூச்சுச் சட்டத்தின் பின்பக்கப் பலகையில், தச்சுப் பென்சிலால் இரண்டு எழுத்துகள். ஒரு ஓரத்தில் ‘மா’. மறு ஓரத்தில் ‘பொ’.

“மா-ன்னா மாடசாமி. இராக்கம்மாவோட செத்துப்போன புருசன். பொ-ன்னா பொன்மலர். அவ மக. இந்த ஹோலக் கூட்டித் தொடைக்கிறது இராக்கம்மாதான். சாவியும் இருபத்திரண்டு வருசமா அவகிட்டத்தான். ரிப்போர்ட்ல இத எழுதுங்க, போதும்.”

“நல்ல களவாணி,” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. “அடுத்த தடவ அடையாள அட்டை நம்பரையும் எழுதச் சொல்லோணும். பொலிசுக்கு லேசா ஈக்கும்.”

றினாஸ்தான். பதுளை பஸாரில் ஓட்டோ ஓட்டுகிறவன், நாற்பத்தாறு வயது. பார்மசிக்கு மேல்மாடியில் யசோதினி ‘தனியார் விசாரணை’ என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சாரதி, உதவியாள், மழைக்குக் குடை பிடிக்கிறவன் எல்லாம் அவன்தான். அவன் வாயில் ‘இருக்கு’ என்பது ‘ஈக்கு’ ஆகும். அவன் அவளை மிஸ் என்பான். அவள் அவனை, முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்பாள். பதினாலு மாதங்களுக்கு முன்னால் அவள் கணவன் றமேஸை ஸ்பிரிங்வெளி ரோட்டில் மண்சரிவு மோட்டார் சைக்கிளோடு அள்ளிக்கொண்டு போனதிலிருந்து றினாஸ் பகிடி விடுவதைக் கூட்டியிருந்தான். அவள் சிரிப்பதில்லை. அவன் நிறுத்துவதுமில்லை. இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அவள் அழுததும் இல்லை. சாமான் வாங்கினாள், சமைத்தாள், வழக்குகள் பார்த்தாள். எல்லாமே கம்பளிக் கையுறை போட்ட கையால் தொடுகிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் இந்தத் தோட்டத்தின் பெயர் போர்டில் எல்டர்வுட். சனங்கள் சொல்வது கண்ணாடித் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஒருவனின் மனைவி கப்பலிலும் மாட்டு வண்டியிலுமாகக் கொண்டுவந்து சேர்த்த கண்ணாடி அது. இப்போது பங்களா சுற்றுலா ஹோட்டலாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்காமல் போவதில்லை. போன கிழமை கொழும்பிலிருந்து காப்புறுதிக்கு மதிப்புப் போட வந்தவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, “கண்ணாடி பழசு. சட்டம் புதுசு. அசல் சட்டத்த யாரோ மாத்திட்டாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். கொழும்பிலிருக்கும் முதலாளி யசோதினியைக் கூப்பிட்டார். நிஷாந்த் இராக்கம்மாவைக் கூப்பிட்டான்.

“இண்டைக்கு மூணு மணி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன். சட்டம் வந்தா சரி. வரலைன்னா பொலிஸ் ஜீப் வரும்.”

“நாளைக்கழிச்சி அவங்க மகளுக்குக் கல்யாணம்,” என்றாள் யசோதினி.

“அதுக்கு நான் என்ன மிஸ் பண்றது?” நிஷாந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

போன் அடித்தது. சிக்னல் தேடிக்கொண்டு வெளியே போனான்.

அவன் போனதும் இராக்கம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். ஐம்பத்து நாலு வயது. தட்டைச் சிந்தாமல் மேசையில் வைத்தாள்.

“நான் எடுக்கலைங்க மிஸ்.”

“ஒக்காருங்க.”

“இல்லைங்க, நிக்கிறேன். பெரகலயிலருந்து மாப்பிள்ளையோட தாய்மாமன் காலையிலயே வந்துட்டாரு, கோயில் ஹோல்ல சோடன பாக்க. அவரு கண்ணு முன்னால என்னய ஜீப்புல ஏத்தினாங்கன்னா…” அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஜீப்பில் ஏறியவளின் மகளைக் கட்ட பெரகலயிலிருந்து வேன் வராது.

“இந்தச் சட்டம் மாறினது ஒங்களுக்குத் தெரியலயா? தினமும் தொடைக்கிறீங்க.”

“தெரிஞ்சிச்சுங்க.”

றினாஸ் தேத்தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

“சித்திரைக்குப் பொறகு பதுளை ஆஸ்பத்திரில கண்ணு ஆபரேசனுங்க. பத்து நாளு சாவிய ஆபிஸ் ஆணில மாட்டிட்டுப் போயிட்டேன். அதுக்கு முந்தி இந்தக் கண்ணாடி எனக்குக் கோணலாத்தான் தெரியும். உச்சியில சிப்பி இருக்கே, அது இடது பக்கமா ஒருக்களிச்சிப் படுத்த மாதிரி. ஒரு பக்கத்து எலை நீளமா, மறு பக்கம் குட்டையா. கட்டு அவுத்துட்டு வந்து பாக்குறேன், சிப்பி நேரா நிக்கிது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அப்பாடா, கண்ணு சரியாயிருச்சின்னு மாரியாத்தாளுக்குத் தேங்கா ஒடச்சேங்க.”

றினாஸ் கோப்பையைக் கீழே வைத்தான். “இத ஆஸ்பத்திரி டொக்டருக்குச் சொல்லிராதீங்க. பேர் போட்டு போர்டு வெச்சிருவாரு.”

யசோதினி சிரிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு இடத்தில் ஆணி அடித்தாகிவிட்டது. அந்தப் பத்து நாளில்தான் சட்டம் மாறியிருக்கிறது. ஆபிஸ் ஆணியில் தொங்கிய சாவியை எடுக்கக்கூடியவர்கள் பங்களாவில் ஏழெட்டுப் பேர். ஒரு கண் நோயாளியின் சொல்லை வைத்துக்கொண்டு பொலிஸ் சார்ஜன்ட் ஒரு வரிகூட எழுதமாட்டார்.

“மெனேஜர் தொரைக்குக் கோவம் இருக்கத்தானே செய்யும்,” என்றாள் இராக்கம்மா, தட்டை எடுத்தபடி. “ஆனா மனுசன் நல்லவருங்க. மலரு கல்யாணத்துக்கு, பொண்ணு மாப்பிள்ள ஒக்கார்ற மணவறைய பங்களா கணக்குல இனாமா எடுத்துக் குடுக்குறாரு. இப்பதான் லொறி வந்து எறக்கிட்டு இருக்காங்க.”

அவள் போன பிறகு யசோதினி மேசையில் கிடந்த ஹோட்டல் விளம்பரத் தாளை எடுத்தாள். இரண்டு வருடத்துக்கு முந்திய படம். கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். இராக்கம்மா சொன்னது சரி. படத்தில் சிப்பி சாய்ந்திருந்தது. இடது பக்கத்து அலை மேலே ஏறி வழிந்தது. வலது பக்கத்து அலை பாதியிலேயே இலையாகிச் சுருண்டது. சுவரில் இருப்பதிலோ எல்லாம் அளந்து வெட்டிய மாதிரி இருந்தது.

“நானா, களவாணி ஒரு தப்பு விட்டுட்டான். கோணல நிமித்திட்டான்.”

“நல்ல வேலதானே மிஸ் செஞ்சிருக்கான்?”

“இது ரொகோகோ. கோணல்தான் இதுல அசல்.”

“என்னது?”

“ரொகோகோ. இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தின பிரான்ஸ் ஸ்டைல்.”

“பேரா அது? கோழி முட்ட போட்டு எறங்கிற சத்தம் மாதிரி ஈக்கு.”

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிப்பியின் நடுவில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தங்கப் பூச்சு கொஞ்சம் மங்கலாக, வட்டமாக இருந்தது. பக்கத்துச் சின்னச் சிப்பியிலும் அதே வட்டம். அடுத்ததிலும். றினாஸ் ஓட்டோச் சாவியின் நுனியால் சுரண்டினான். மக்குப் பசை பொலபொலவென்று உதிர்ந்து, சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரு ஓட்டை வந்தது.

றினாஸ் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“மிஸ், இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தி எந்த வெள்ளக்காரன் பல்பு மாட்ட ஓட்ட வெச்சான்?”

யசோதினி அப்படியே நின்றாள். தங்கச் சிப்பி, நடுவில் பல்பு, இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதை அவள் பார்த்திருக்கிறாள். பார்த்ததென்ன, அதற்குக் கீழே உட்கார்ந்தே இருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் தலைக்குப் பின்னால் அப்படி ஒரு பல்பு எரிந்தது. கழுத்தில் அதன் சூடு பட்டது. றமேஸ் குனிந்து, “சுடுதா?” என்று கேட்டான். அதை நினைத்துப் பார்த்தாள். வேறு யாருக்கோ நடந்ததைக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

“மணவறை,” என்றாள். “இதச் செஞ்ச ஆளு கல்யாண மணவறை செய்யிற ஆளு. கை பழக்கத்துல பல்பு ஓட்டையும் போட்டுட்டு, பொறகு நெனவு வந்து அடச்சிருக்கான். இந்தப் பக்கம் எல்லாத் தோட்டத்துக்கும் மணவறை எங்கருந்து வருது?”

“ஹாலிஎல. கணபதி பட்டறை.”

“மணி?”

“பதினொண்டேகால்.”

“எடுங்க வண்டிய.”

ஸ்பிரிங்வெளி ரோட்டில் அந்த வளைவு வந்தது. புதிதாகக் கட்டிய சிமெந்துச் சுவர், அதற்கு மேலே சிவப்பு மண். வாய் ஓயாத றினாஸ் அந்த ஒரு வளைவில் மட்டும் எதுவும் பேசமாட்டான். வண்டி கடந்தது. யசோதினி மறுபக்கத்துத் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அந்தக் கோழி ஸ்டைலப் பத்திச் சொல்லுங்க,” என்றான் வளைவு முடிந்ததும்.

“பிரான்ஸ்ல பெரிய ராசா ஒருத்தரோட காலத்துல எல்லாம் கனமா, நேர்கோடா, ரெண்டு பக்கமும் சரிசமனா இருந்திச்சி. கதவு, நாற்காலி, தோட்டத்து மரம்கூட. ராசா செத்ததும் பெரிய மனுசருக்கெல்லாம் அது சலிச்சிப் போச்சி. அரமனைய விட்டுட்டுச் சின்னச் சின்ன ரூமுக்கு வந்தாங்க. கோடெல்லாம் வளைய ஆரம்பிச்சிது. தோட்டத்துக் குகையில சிப்பியும் கல்லும் ஒட்டுவாங்களாம், அந்த வேலையோட பேர்லருந்துதான் ரொகோகோன்னு வந்திச்சி. சிப்பி, அலை, சுருண்ட எலை. ஒரு பக்கம் ஏறினா மறு பக்கம் எறங்கும்.”

“எங்க முனிசிபல் ரோட்டு மாதிரி.”

“அம்பது வருசம் ஓடிச்சி. பொறகு பைத்தியக்காரத்தனம்னு தூக்கிப் போட்டுட்டாங்க. திரும்பவும் நேர்கோடு. அதுக்கப்புறம் மெசின் வந்த காலத்துல மறுபடி ஆச வந்திச்சி. மெசின்லயும் அச்சுலயும் அடிச்சி அடிச்சி ஒலகம் பூரா அனுப்பினாங்க. அச்சுல போட்டதும் கோணல் போயிருச்சி. ரெண்டு பக்கமும் சமனாயிருச்சி.”

“அதோட செத்திருச்சா?”

“எங்க சாகுது?” அவள் வெளியே கையைக் காட்டினாள்.

பதுளை பஸாருக்குள் வந்திருந்தார்கள். தளபாடக் கடை வாசலில் தங்கக் கால் வளைந்த சோபா ஒன்று, பொலித்தீன் சுற்றி, ராணிக்காகக் காத்திருந்தது. அச்சகக் கண்ணாடியில் கல்யாணக் கார்ட்டுகள், நான்கு மூலையிலும் சுருண்ட இலைகள். ஸ்டூடியோவில் பிள்ளையை உட்கார வைக்கும் சிப்பி நாற்காலி. கேக் கடையில் ஐஸிங் அலை. பண்டாரவளை பஸ்ஸின் முதுகில் சிவப்பும் மஞ்சளுமாக அதே வளைவு.

“எல்லாம் சொந்தக்காரங்க போல,” என்றான் றினாஸ்.

“ஒங்க மீற்றருக்கு மேல பாருங்க.”

றினாஸ் பார்த்தான். அவனே ஒட்டிய தங்க ஸ்டிக்கர். ஒரு சிப்பி, இரண்டு பக்கமும் இலை.

“அல்லாவே,” என்றான். “நானும் பிரெஞ்சுக்காரன்தான்.”

ஹாலிஎல ரயில் பாதைக்குக் கீழே கணபதியின் பட்டறை. முற்றம் முழுக்கப் பொன் மயில், பொன் தூண், பொன் தாமரை. ஓரத்தில் சாக்குத் தொங்கவிட்ட கோழிக்கூடு. சாக்கு விலகிய இடத்தில் மினுமினுவென்று ஒரு விளிம்பு தெரிய, அதற்குள்ளிருந்து சிவப்புக் கொண்டை ஒன்று வெளியே வந்து இவர்களை முறைத்தது.

“கோழிக்கும் மணவறை கட்டியிருக்காங்க மிஸ். மாப்பிள்ள வெளிய வாறார்.”

யசோதினி திரும்பவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த சிப்பிகளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் மாதிரி லேசான ரெஜிபோமில் செய்த சிப்பிகள், பைபர் சிப்பிகள், நூற்றுக்கு மேல். எல்லாவற்றிலும் தச்சுப் பென்சில் எழுத்து. மா. பொ. மா. பொ. மா. பொ.

கணபதி இல்லை. அவர் மனைவி சிவசக்தி, முழங்கை வரை தங்கப் பெயின்ட்டோடு, ஒரு மயிலின் கழுத்துக்கு மினுக்கு அடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது எதுக்கு மா, பொ?”

“மாப்பிள்ளப் பக்கம், பொண்ணுப் பக்கம்,” என்றாள் சிவசக்தி தலையைத் தூக்காமல். “எழுதலைன்னா கல்யாண ஊட்டுல போய்ப் பூட்டறப்ப கலந்துரும். ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கணுமில்ல? ஒரு பக்கம் நாலு விரக்கடை தூக்கலா இருந்தாப் போதும். எங்கள எறக்கிக் காட்டப் பாக்குறீங்களான்னு மத்தப் பக்கத்து ஆளுக வேட்டிய மடிச்சிக் கட்டிருவாங்க.”

“மாடசாமி விடுதலை,” என்று முணுமுணுத்தான் றினாஸ்.

யசோதினி கைபேசியில் பங்களாக் கண்ணாடியைக் காட்டினாள். சிவசக்தி பெயின்ட் படாத விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

“அட, இது எங்காளு வேலையில்ல? சித்திரைக்குப் பொறகு பங்களா மெனேஜர் தொர கொண்டாந்தாரு. பழசு உளுத்துப் போச்சி, இதே மாதிரி ஒண்ணு வேணும்னாரு. எங்காளு ரெண்டு நாளா அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறைய. எவனோ தண்ணியப் போட்டுட்டுச் செஞ்சிருக்கான் புள்ளன்னு சொல்லிட்டு, நல்ல பக்கத்தப் பாத்து மத்தப் பக்கத்தையும் சரி பண்ணி, சிப்பிய நிமித்திக் குடுத்தாரு. அதுக்கு நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல அந்தாளு.” அவள் சுவரோரத்துச் சிப்பிகளைக் காட்டினாள். “ஆனா அந்த அலைதான் இப்ப எல்லாருக்கும் வேணுமாம். பண்டாரவளை வரைக்கும் இந்த டிசைன்தான் போகுது.”

“பழசு எங்க?”

“அத எடுத்துட்டே போகல. பொறகு சொல்றேன், பொறகு சொல்றேன்னாரு. இந்தத் திங்கக்கெழமதான் போன் வந்திச்சி. கண்ணாடித் தோட்டத்து இராக்கம்மா மக கல்யாணத்துக்கு ஒரு மணவறை, அதோட உச்சியில அந்தப் பழசப் பூட்டி அனுப்புங்கன்னு. காலைல லொறி ஏத்திட்டாரு. ஆனா எங்காளு…”

யசோதினி ஓட்டோவை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். நடை ஓட்டமானது. பின்னால் சிவசக்தியின் குரல், “முழுசாக் கேக்காமப் போறாங்களே!” என்று கேட்டது.

“மூணு மணிக்கு ஜீப் வரும்,” என்றாள் வண்டிக்குள். “விக்க ஆள் அம்புடுறதுக்கு முந்தி மதிப்புப் போடுற ஆளு வந்துட்டாரு. சாமான எங்கயாவது தள்ளணும். களவையும் யார் தலையிலயாவது கட்டணும். கல்யாண மணவறை உச்சியில வெச்சிட்டான். பொலிஸ் வந்து மேல பாத்தா, களவு போன சட்டம் இராக்கம்மா மக தலைக்கு மேல.”

றினாஸ் ஹோர்ன் அடித்து ஒரு பஸ்ஸை முந்தினான். “கணபதிக்கு ஒரு கோல் போடுங்க.”

போட்டாள். கண்ணாடித் தோட்டத்துக் கோயில் பக்கம் சிக்னல் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

“முந்திப் போனா கழட்டி ஒளிச்சிரலாம் மிஸ்.”

“ஒளிச்சா நாமளும் களவாணிங்க.”

பதுளையில் ரோட்டு வேலை. இருபது நிமிஷம் தின்றது. ஏற்றத்தில் ஓட்டோ முனகியது. சுவர் வளைவு வந்து போனது. யசோதினி மணியைப் பார்த்தாள். இரண்டு ஐம்பது. பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. நாக்கு மரத்த மாதிரி, ருசி மட்டும் வரவில்லை.

கோயில் ஹோலுக்கு வெளியே ஜீப் நின்றது.

உள்ளே மணவறை எழுந்து நின்றது. தூண், மயில், சிப்பி, எல்லாம் பொன். ஏணியில் கணபதி பல்பு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசைக் கதிரையில் வெள்ளை வேட்டியோடு பெரகலத் தாய்மாமன், கை கட்டி உட்கார்ந்திருந்தார். சுவரோடு சுவராக இராக்கம்மா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, காலையில் நலங்கு வைத்த மஞ்சள் கன்னத்தோடு பொன்மலர்.

“சார்ஜன், மேல பாருங்க,” என்றான் நிஷாந்த், கையை மேலே நீட்டி. குரலில் கவலை கச்சிதமாக இருந்தது. “நான் நம்பவே இல்ல. ஆனா கண்ணு முன்னால இருக்கு. அந்த உச்சியில பூட்டியிருக்கிறதுதான் எங்க பங்களாக் கண்ணாடியோட சட்டம்.”

தாய்மாமன் எழுந்து நின்றார். பொன்மலரின் கை அம்மாவின் தோளிலிருந்து வழுக்கி விழுந்தது.

யசோதினி மேலே பார்த்தாள். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டே பார்த்தாள். இடது பக்க அலை ஏறியது. வலது பக்க அலை ஏறியது. இடது பக்கம் ஏழு இலை. வலது பக்கம்… ஏழு. சிப்பி நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது.

இன்னொரு தடவை எண்ணினாள். ஏழு. ஏழு.

“நிஷாந்த்,” என்றாள். “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அதேதானா?”

“நாலு வருசமாத் தினமும் பாக்குறேன் மிஸ். எனக்குத் தெரியாதா?”

“எழுதிக்கங்க சார்ஜன். அண்ணே, அத ஒருக்காக் கழட்டிக் குடுங்க.”

கணபதி கழற்றினார். ஒற்றைக் கையால், முறத்தை எடுக்கிற மாதிரி எடுத்துக் கீழே நீட்டினார். சார்ஜன்ட் வாங்கினார். பெருவிரல் உள்ளே அமுங்கியது. தங்கப் பெயின்ட்டுக்குள்ளிருந்து வெள்ளை ரெஜிபோம் எட்டிப் பார்த்தது. திருப்பினார். மா. பொ.

“அந்தக் கோணல உச்சியில வையின்னுதான் தொர சொன்னாரு,” என்றார் கணபதி ஏணியில் நின்றபடியே, குற்றம் செய்தவர் மாதிரி. “தாலி கட்டுற புள்ளைங்க தலைக்கு மேல கோணலா ஒண்ண எப்பிடிங்க வெக்கிறது? தொர திட்டினாத் திட்டட்டும்னு நேரா ஒண்ணு அடிச்சிப் பூட்டிட்டேன். ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, நூல் வித்தியாசம் இருக்காது.”

நிஷாந்தின் கை இன்னும் மேலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“நாலு வருசம் பாத்த ஆளு ரெஜிபோமக் காட்டி அசல்னு சொல்றீங்க,” என்றாள் யசோதினி. “நீங்க அந்தக் கண்ணாடிய ஒரு நாளும் பாக்கல நிஷாந்த். தொடைச்ச பொம்பளைக்குத்தான் கோணல் தெரிஞ்சிருக்கு. நீங்க கண்ணால பாத்துக் கைய நீட்டல. அங்க என்ன இருக்கும்னு தெரிஞ்சு நீட்டினீங்க.”

“மிஸ், இது வந்து…”

“தொர பேசினது இருக்குங்க,” என்றார் கணபதி. ஏணியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பெயின்ட் விரலால் தட்டினார். நிஷாந்தின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது: “கணபதி அண்ணே, நான் சொன்ன பழசுதான் உச்சில. மறந்துறாதீங்க. வெள்ளிக்கெழம மூணு மணிக்கு முந்தி பூட்டி முடிச்சிரணும்.”

“ஏன் மூணு மணி?” என்று கேட்டார் சார்ஜன்ட். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கேள்விக்கு அது போதுமாக இருந்தது.

நிஷாந்தை ஜீப் பக்கம் கூட்டிப் போனார்கள். வாசலில் அவன் செருப்பு ஒன்று கழன்றது. திரும்பி வந்து போட்டுக்கொண்டான்.

“அப்ப அசல் எங்க?” என்றார் சார்ஜன்ட்.

கணபதி பிடரியைச் சொறிந்தார். “அது வந்துங்க… தொரைக்கு வேணாம்னு நெனச்சிட்டேன். ஊட்டுல கோழிக்கூட்டுக்கு வாசக்கால் இல்லாம இருந்திச்சி…”

றினாஸ் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். “மிஸ்! நான் காலைலயே சொன்னேன்! கோழிச் சத்தம்னு!”

யசோதினி கண்ணை மூடித் திறந்தாள். முற்றத்தில் மினுங்கிய விளிம்பு. முழுசாகக் கேட்காமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்.

பெரகலத் தாய்மாமன் மெதுவாக முன்னால் வந்தார். அவர் மணவறையை மேலும் கீழும் பார்த்தார். ரெஜிபோம் உச்சியைச் சார்ஜன்ட் கையிலிருந்து வாங்கி, பெருவிரல் அமுங்கிய பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

“இதுல கொஞ்சம் மக்குப் போட்டு மறுபடி மாட்டுங்க,” என்றார் கணபதியிடம். “மொட்டையா இருக்கு. ஞாயித்துக்கெழம ஆளுக பாப்பாங்கல்ல.”

இராக்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பொன்மலர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். யசோதினி பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

புறப்படும்போது இராக்கம்மா ஓட்டோ வரைக்கும் வந்தாள். “ஞாயித்துக்கெழம கட்டாயம் வரணுங்க.”

“பாப்பம். நான் கல்யாண வீடுகளுக்குப் போறதில்ல இப்ப.” தன் வெறும் நெற்றியை அவள் காட்டவில்லை. இராக்கம்மா பார்த்துவிட்டாள்.

“என் நெத்தியும் அப்பிடித்தானுங்களே மிஸ். பெத்த மக கல்யாணம், நான் எங்க போறது?” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “மாப்பிள்ளப் பக்கம் ரெண்டு வேன் வருது. நம்ம பக்கம் ஆளு கொறைவுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்கணுமில்ல?”

யசோதினி ஓட்டோவில் ஏறினாள். றினாஸ் வண்டியை எடுத்தான்.

சுவர் வளைவு வந்தது. வழக்கம் போல அவன் வாயை மூடிக்கொண்டான். சிமெந்துக்கு மேலே சிவப்பு மண்ணில் புதுப் புல் முளைத்திருந்தது. யசோதினி இந்தத் தடவை தேயிலைப் பக்கம் திரும்பவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு வந்தாள், அது முடிகிற வரைக்கும்.

“நானா, ஞாயித்துக்கெழம காலைல வண்டிக்கு ஹயர் இருக்கா?”

“ஒண்டு ஈக்கு. ஹாலிஎலக்கு, வேற ஒரு கல்யாண ஆளுக. மாப்பிள்ளப் பக்கம்.”

“ஏலாதுன்னு சொல்லிருங்க,” என்றாள். “நாம பொண்ணுப் பக்கம்.”